வழுவும் வழுவமைதியும்: பிரெஞ்சு இலக்கணமும் தமிழ் மொழிபெயர்ப்பும் பற்றிய ஒரு நோக்கு

பிரெஞ்சு மொழியைப் புதிதாகக் கற்போர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகள் பலவாகும். மேசை, கதிரை முதலாய உயிரற்ற பொருள்களுக்கும் ஆண்பால் பெண்பால் வகுக்கப்பட்டிருத்தல், உடையவரின் பாலைக் காட்டாது உடைமைப்பொருளின் பாலைக் காட்டும் உடைமைச் சொற்கள், இறந்தகாலத்துக்குப் பல வடிவங்கள், முன்னிலைக்கு இருவகைச் சொற்கள், ஆங்கிலச் சொற்போலத் தோன்றிப் பொருளால் வேறுபடுஞ் சொற்கள் என்பன அவற்றுட் சில. பாடநூல்கள் இவற்றை மாணவர் விடும் வழுக்கள் எனப் பட்டியலிட்டு, பயிற்சியால் நீக்கற்பாலன எனக் கூறி அமைவன. பரீட்சைக்கு அது போதியதாகலாம். ஆயின் பிரெஞ்சு இலக்கியத்தைக் கற்கவும் அதனைத் தமிழிற் பெயர்க்கவும் விழைவோர்க்கு அது போதாது. மாணவர் மயங்கும் அதே இடங்களிலேயே பிரெஞ்சுப் பேராசிரியர்கள் எழுதிய நூல்கள் அல்ல, பிரெஞ்சுப் படைப்பாளிகள் எழுதிய நூல்கள் தம் பொருளைப் பொதிந்து வைத்துள்ளன.

இதனை விளக்குவதற்குத் தமிழிலக்கண மரபு தக்கதொரு கருத்தினைத் தந்துள்ளது. வழு என்பது பிழை. வழுவமைதி என்பது, பிழைபோலத் தோன்றினும் காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகியவற்றாற் பாலும் திணையும் மாறிவரினும் அஃது இயல்பே என்பது நன்னூலார் கொள்கை. உணர்ச்சியானது இலக்கணத்தை நெகிழ்விக்கும் என்பதையும், அந்நெகிழ்ச்சியே பொருளைத் தரும் என்பதையும் நம் இலக்கணகாரர் அறிந்திருந்தனர். பிரெஞ்சு இலக்கியத்தை அணுகுவோர்க்கு இவ்வறிவு பெரிதும் பயன்படும்.

முதலில் முன்னிலைச் சொற்களை நோக்கலாம். பிரெஞ்சிலே 'த்யு' என்பது ஒருமை. நெருங்கியோர், குழந்தைகள், கடவுள் ஆகியோரை விளிப்பதற்குரியது. 'வூ' என்பது பன்மை. மரியாதைக்குரிய ஒருவரையும் அது சுட்டும். இக்கால ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் ஒரே சொல்லே உண்டு. எனவே ஆங்கிலவழி பிரெஞ்சு கற்போர் இவ்வேறுபாட்டை ஒரு மரியாதை விதியாக மட்டும் மனனஞ் செய்வர்.

ரசீன் இயற்றிய 'பேத்ர்' நாடகம் 1677 இல் அரங்கேறியது. அதன் இரண்டாம் அங்கத்து ஐந்தாங் காட்சியிலே, அரசி பேத்ர் தன் கணவனின் மகனாகிய இப்போலித்திடம் தகாத காதலை வெளியிடுகின்றாள். காட்சியின் தொடக்கத்தில் அவள் அவனை 'வூ' என்றே விளிக்கின்றாள். அவளது சொற்களின் உட்பொருளை உணர்ந்து அவன் அதிர்ச்சியுற்ற பின்னர், மறைப்பதற்கு இனி ஏதுமில்லை என்ற நிலையில், அவள் 'த்யு' என்னும் விளிக்குத் தாவுகின்றாள். இப்போலித்தோ 'வூ' என்பதை விட்டு இறங்குவதில்லை. அரசி என்னும் நிலையும் சிற்றன்னை என்னும் உறவும் அந்த ஓரசைச் சொல்லிற் சரிந்துவிடுகின்றன. இக்கால ஆங்கிலத்தில் இதனை உணர்த்துதல் அரிது. 'நீர்' என்பதிலிருந்து 'நீ' என்பதற்கு மாறுந் தமிழ் வசனம் இதனை எவ்வித விளக்கமுமின்றி உணர்த்தவல்லது.

இருபதாம் நூற்றாண்டிலும் இவ்வாறே. அல்பேர் காம்யுவின் புகழ்பெற்ற நாவல் 1942 இல் வெளிவந்தது. அதிலே மெர்சோ என்னும் கதைசொல்லியை இருவர் திடீரென 'த்யு' என விளிக்கின்றனர். முதல்வன் அயல்வீட்டு ரேமோன். தன் சூழ்ச்சிக்குக் கடிதம் எழுதித் தந்தவனை நண்பனாக்கிக்கொள்ளும் வேளையில் அவன் விளி மாறுகின்றது. இரண்டாமவர் விசாரணை நீதவான். சிலுவையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கிறித்துவின் பாடுகளை ஏற்கும்படி மெர்சோவை வற்புறுத்தும் வேளையில் அவர் விளியும் மாறுகின்றது. இரண்டு மாற்றங்களையும் மெர்சோ கவனித்துக் குறிப்பிடுகின்றான். இரண்டையும் பொருட்படுத்தாது விடுகின்றான். ஒன்று நட்பின் பெயரால் வந்தது. மற்றது சமயத்தின் பெயராலும் அதிகாரத்தின் பெயராலும் வந்தது. இரண்டுமே அவனைத் தம்முடையவனாக்க முனைகின்றன. பின்னர்ச் சிறையிலே பாதிரியாரைத் 'தந்தையே' என விளிக்காது 'ஐயா' என அவன் விளிப்பது ஏன் என்ற வினா எழும்போது, நாவல் முழுவதிலும் ஓடிவந்த விளிப்போராட்டம் முடிவெய்துகின்றது. இவற்றைத் தொடர்புபடுத்தி நோக்காத விமரிசனம், மெர்சோவின் அந்நியத்தன்மையை வெறுந் தத்துவமாகவே காணும்.

எனினும் 'த்யு' என்பதற்கு 'நீ', 'வூ' என்பதற்கு 'நீங்கள்' என ஈடு குறித்துவிடுவதும் தவறாகும். தமிழில் நீ, நீர், நீங்கள், தாங்கள் எனப் படிகள் பல. யாழ்ப்பாணத்து வழக்கிலே 'நீர்' என்பது மரியாதையும் நெருக்கமும் கலந்த ஓர் இடைநிலையிலே நிற்பது. பிரெஞ்சுக் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் 'த்யு' என விளிப்பர். மரபுவழித் தமிழ்க் குடும்பத்திற் கணவன் 'நீர்' அல்லது 'நீ' எனவும் மனைவி 'நீங்கள்' எனவும் விளிப்பதே பெருவழக்கு. ஆகவே பிரெஞ்சிற் சமமாக இருக்கும் உறவைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தம்மையறியாமலே சமமற்றதாக்கிவிடக்கூடும். ஆங்கிலத்திற் குறைவாற் பிறக்கும் மயக்கம் தமிழில் மிகுதியாற் பிறக்கின்றது.

சேந்த்-எக்சுப்பெரியின் 'குட்டி இளவரசன்' 1943 இல் வெளிவந்தது. பாலைவனத்திலே சிறுவன் கதைசொல்லியிடம் ஓர் ஆட்டின் படம் கேட்கும் முதல் வேண்டுகோளில், 'வூ' அடங்கிய மரியாதைத் தொடரும் 'த்யு'வுக்குரிய ஏவல் வினையும் ஒரே மூச்சில் வருகின்றன. மாணவர் இதனை அச்சுப்பிழை என எண்ணுவதுண்டு. திருத்தமான மரியாதையும் குழந்தைக்கேயுரிய உரிமையும் ஒருங்கே கொண்ட பாத்திரம் ஒன்று அவ்வொரு வாக்கியத்திலேயே தோன்றிவிடுகின்றது. இதனை ஒருமையாகவோ பன்மையாகவோ சீராக்கும் மொழிபெயர்ப்பு, வழுவமைதியை வழுவெனக் கொண்டு திருத்தியதாகும்.

அடுத்து இறந்தகாலங்களை நோக்குதல் வேண்டும். பிரெஞ்சு உரைநடையில் மூன்று வடிவங்கள் இன்றியமையாதன. துணைவினையோடு கூடிவருவதைக் கூட்டிறந்தகாலம் எனலாம். துணைவினையின்றி வருவதும் இன்று பேச்சுவழக்கில் அற்றுப்போய் எழுத்திலே நிலைபெற்றிருப்பதும் தனியிறந்தகாலம். தொடர்ந்து நிகழ்ந்ததையும் வழக்கமாக நிகழ்ந்ததையும் நிலைமையையும் கூறுவது முற்றா இறந்தகாலம்.

ஆங்கிலவழி கற்கும் தமிழ் மாணவர் இங்கு இருமுறை மயங்குகின்றனர். கூட்டிறந்தகாலம் வடிவத்தால் ஆங்கிலத்தின் நிறைவுநிலை நிகழ்காலத்தை ஒத்திருத்தலின், எல்லா இடத்தும் 'எழுதியிருக்கிறேன்' என்பர். பெரும்பாலான இடங்களில் வேண்டப்படுவது 'எழுதினேன்' என்பதேயாம். முற்றா இறந்தகாலத்துக்கு ஆங்கிலத் தொடர்வினையை ஈடாகக் கொண்டு எங்கும் 'எழுதிக்கொண்டிருந்தான்' என்பர். உண்மையில் தமிழ் இவ்வொரு வடிவத்தின் பணியை மூன்றாகப் பிரித்துச் செய்கின்றது. தொடர்ச்சிக்கு 'எழுதிக்கொண்டிருந்தான்', நிலைமைக்கு 'இருந்தான்', வழக்கத்துக்கோ எதிர்கால வடிவம். 'அந்நாளில் அவர் மாலைதோறும் கடற்கரைக்குப் போவார்' என்பதிலே 'போவார்' எதிர்காலத்தைக் குறிக்கவில்லை என்பதைத் தமிழ்க் குழந்தையும் அறியும். மூன்று காலத்துக்கும் பொதுவானவற்றைச் 'செய்யும்' என்னும் வாய்பாட்டாற் கூறுக என விதித்த தொல்காப்பியத்தை அறிந்த மாணவர்க்கு, காலவடிவமும் காலப்பொருளும் ஒன்றல்ல என்பது புதுமையன்று. ஆயினும் ஆங்கிலப் பாடநூலைக் கையில் எடுத்ததும் இவ்வறிவு ஒதுக்கிவைக்கப்படுகின்றது. முற்றா இறந்தகாலத்துக்கு மிகப் பொருத்தமான தமிழ் வடிவம் பலவிடங்களிற் 'போவார்' என்பதே என எவரும் மாணவர்க்குச் சொல்வதில்லை.

இவ்வடிவங்கள் இலக்கியத்திலே பெறும் பெறுமதியைப் பிரெஞ்சு விமரிசகர் நன்கு விளக்கியுள்ளனர். பிளோபேரின் நடை பற்றிய விவாதத்திற் கலந்துகொண்டு மார்செல் புரூஸ்ட் 1920 இல் எழுதிய கட்டுரை குறிப்பிடத்தக்கது. இறந்தகால வடிவங்களையும் சில பிரதிப்பெயர்களையும் இடைச்சொற்களையும் பிளோபேர் கையாண்ட முறை, உலகை நோக்கும் பார்வையையே புதுக்கியது என்பது அவர் கருத்து. தத்துவத்திற் கான்ற் செய்ததற்கு அதனை அவர் ஒப்பிடவுஞ் செய்தார். பிளோபேர் பிழைபட எழுதினார் என்ற குற்றச்சாட்டு எழுந்திருந்த சூழலில் இது கூறப்பட்டமை மனங்கொளத்தக்கது. வழுவென ஒருசாரார் கண்டதை வழுவமைதியென மற்றொருவர் நிறுவினார்.

காம்யு செய்ததோ இதற்கு நேர்மாறான புரட்சி. நாவலுக்கு மரபாகவிருந்த தனியிறந்தகாலத்தை அவர் பெரும்பாலும் கைவிட்டு, பேச்சுக்குரிய கூட்டிறந்தகாலத்தால் கதையை நடத்தினார். 1943 இல் இந்நாவலை ஆராய்ந்த சார்த்தர், வாக்கியங்கள் காரணகாரியத் தொடர்பற்றுத் தனித்தனித் தீவுகளாய் நிற்பதற்கு இக்காலவடிவம் துணைசெய்வதை எடுத்துக்காட்டினார். 1953 இல் ரோலன் பார்த், தனியிறந்தகாலம் நிகழ்ச்சிகளுக்கு ஓர் ஒழுங்கை ஏற்றிக்கூறும் நாவல் மரபின் அடையாளம் என விளக்கினார். இவ்விரு கருத்துகளையும் இணைத்து நோக்குமிடத்து, உலகில் ஒழுங்கு காணாத மெர்சோ அவ்வொழுங்கைக் காட்டும் வினைவடிவத்தையும் தவிர்த்தல் இயல்பே என்பது புலனாகும். ஆங்கிலத்தில் இரு வடிவங்களும் ஒரே எளிய இறந்தகாலமாகிவிடுகின்றன. தமிழிலும் இவ்விரண்டிற்கும் நேரொத்த வடிவவேறுபாடு இல்லை. ஆயின் எழுத்துவழக்கு, பேச்சுவழக்கு என்னும் இருநிலை தமிழுக்கு உண்டு. செந்தமிழ்ச் சாயலைக் குறைத்தும், 'ஆகவே', 'அதனால்' முதலாய இணைப்புகளைப் புகுத்தாதும், வினையெச்சங்களை அடுக்காது முற்றுவினைகளால் வாக்கியங்களை முடித்தும் இவ்விளைவினை ஓரளவு பெறலாம். வினையெச்சத் தொடர் தமிழ் உரைநடையின் பெருஞ்சிறப்பு; இந்நாவலுக்கோ அதுவே பகையாகின்றது.

இந்நாவலின் தொடக்க வாக்கியத்திலே இம்மயக்கங்கள் யாவும் கூடிநிற்கின்றன. பிரெஞ்சிலே வருதல், போதல், பிறத்தல், இறத்தல் முதலிய சில வினைகள் 'இரு' என்னும் பொருள்தரும் துணைவினையை ஏற்பன. அதனால் 'இறந்தாள்' என்னும் நிகழ்ச்சிக்கும் 'இறந்த நிலையில் உள்ளாள்' என்னும் நிலைமைக்கும் வடிவம் ஒன்றே. தாய் இறந்தது எந்நாள் என்பதே தெளிவற்றிருக்கும் ஒரு தொடக்கத்துக்கு இவ்விருபொருள் வடிவம் எத்துணைப் பொருத்தமானது என்பது கூறாமலே விளங்கும். தாயைக் குறிக்கும் சொல்லும் அவ்வாறே. காம்யு கையாண்டது குழந்தைகள் விளிக்கும் சொல். ஸ்ருவட் கில்பேட் 1946 இல் வெளியிட்ட முதல் ஆங்கில மொழிபெயர்ப்பிலே அது தூரம் மிக்க, முறைசார்ந்த சொல்லாயிற்று. 1988 இல் மத்தியூ வோட் பிரெஞ்சுச் சொல்லையே ஆங்கிலத்தில் நிறுத்தினார். தமிழில் 'அம்மா' என்பது விளியும் பெயருமாக இயல்பாகவே அமைவதால் இவ்விடர் எழுவதில்லை.

ஆயின் வேறோர் இடர் எழுகின்றது. இறந்தாள் என்பதா, இறந்தார் என்பதா, காலமானார் என்பதா? பிரெஞ்சு வினையிலே மரியாதைக் குறிப்பு எதுவுமில்லை. தமிழ் முற்றுவினையோ அதனைக் கூறியே ஆகவேண்டும். 'காலமானார்' என்றால் மரண அறிவித்தலின் குரல் வந்துவிடும். 'செத்துப்போனாள்' என்றால் மூலத்திலில்லாத கடுமை வந்துவிடும். மெர்சோ தாயை நேசித்தானா என்பதே பின்னர் நீதிமன்றத்தில் அவனுக்கெதிராக எழும் வினா. தமிழ் மொழிபெயர்ப்பாளர் அவ்வினாவுக்கு முதல் வாக்கியத்தின் விகுதியிலேயே விடை கூறிவிடும் ஆபத்து உள்ளது. பிரெஞ்சிலிருந்தே வெ. ஸ்ரீராம் செய்த 'அந்நியன்' என்னும் தமிழாக்கம் 1980 இல் வெளிவந்தது. அதனை வாசிப்போர் கதையை மட்டுமன்றி, இத்தகைய இடங்களில் எடுக்கப்பட்ட முடிவுகளையும் ஆராய்தல் தகும். ஆங்கில நூலையே மூலமெனக் கொண்டு காம்யுவின் நடை 'உணர்ச்சியற்றது' எனத் தீர்ப்புக் கூறுவோர், அவ்வுணர்ச்சியின்மையில் எவ்வளவு மொழிபெயர்ப்பாளர்க்கு உரியது என்பதையும் வினவுதல் வேண்டும்.

இலக்கணமயக்கம் ஏட்டோடு நில்லாது நீதிமன்றம்வரை சென்றதற்கும் சான்றுண்டு. பிளோபேரின் 'மதாம் பொவாரி' ஒழுக்கத்துக்கு ஊறு செய்வதெனக் குற்றஞ்சாட்டப்பட்டு 1857 இல் விசாரிக்கப்பட்டது. எம்மா தன் கற்பிழந்த பின்னர்க் கண்ணாடியில் முகம் பார்த்து மகிழும் பகுதி, பிறன்மனைக் காதலை ஆசிரியரே புகழ்ந்துரைப்பது என அரச தரப்பு வழக்குரைஞர் பினார் வாதிட்டார். ஆசிரியர் அங்கு கூறியது தம் கருத்தையன்று. முற்றா இறந்தகாலத்திலும் படர்க்கையிலும், 'என்று நினைத்தாள்' என்னும் குறிப்பின்றியே, எம்மாவின் எண்ணத்தையே அவர் எழுதியிருந்தார். பினாரின் வாசிப்பு இவ்வகையிற் பிழைபட்டதென ஜேர்மன் விமரிசகர் ஹான்ஸ் றொபேட் யௌஸ் பின்னாளில் எடுத்துக்காட்டினார். இவ்வுத்திக்குச் சார்ல் பாலி 'கட்டற்ற மறைமுகக் கூற்று' எனப் பொருள்படும் பெயரை இட்டது 1912 இலேயாம். பெயரில்லாத ஓர் இலக்கண வடிவத்துக்காக ஓர் எழுத்தாளர் குற்றவாளிக் கூண்டருகே நிற்க நேர்ந்தது. 1857 பெப்ரவரி 7 ஆம் நாள் அவர் விடுவிக்கப்பட்டார்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் இங்கு செய்யக்கூடிய தவறு பினார் செய்ததற்கு எதிரானது. பிறர் கூற்றையும் எண்ணத்தையும் 'என்று' என்னும் இடைச்சொல்லாற் பிணித்தல் தமிழின் இயல்பு. அவ்வியல்பைப் பின்பற்றி ஒவ்வோரிடத்தும் 'என்று எண்ணினாள்' எனச் சேர்த்தால் வாசகர்க்கு ஐயம் எழாது. ஆனால் ஆசிரியரின் குரல் எங்கு முடிகின்றது, பாத்திரத்தின் குரல் எங்கு தொடங்குகின்றது எனத் தடுமாறும் அனுபவமே பிளோபேரின் கலை. அதனை நீக்கியபின் எஞ்சுவது ஒரு கிராமத்து வைத்தியரின் மனைவி கெட்டழிந்த கதைமட்டுமே. 'என்று' இன்றி எண்ணங்களை எழுதும் வழக்கம் தற்காலத் தமிழ்ப் புனைகதையில் நன்கு வேரூன்றியுள்ளமையால், இவ்விடத்துத் தமிழ் இயலாமை கூறி ஒதுங்கவேண்டியதில்லை.

இறுதியாகச் சொற்பொருள் மயக்கம். ஆங்கிலத்தோடு வடிவத்தால் ஒத்துப் பொருளால் வேறுபடும் சொற்களைப் 'பொய்நண்பர்' எனப் பிரெஞ்சுக்காரர் வழங்குவர். 1928 இல் இதே பெயருடன் கொஸ்லர், தெரொக்கிஞி ஆகிய இருவரும் ஒரு நூல் வெளியிட்டனர். 'லிப்ரேரி' என்பது நூலகமன்று, புத்தகசாலை என்பன போன்ற எளிய எடுத்துக்காட்டுகளால் தீங்கு பெரிதில்லை. விமரிசனச் சொற்களிலேயே தீங்கு மிகுதி. 'கொன்சியான்ஸ்' என்னும் பிரெஞ்சுச் சொல் மனச்சாட்சி, உணர்வுநிலை ஆகிய இரண்டையுங் குறிக்கும். ஆங்கில ஒலியொப்புமையால் மயங்கிச் சார்த்தரின் தத்துவ நூலில் எங்கும் 'மனச்சாட்சி' எனப் பெயர்த்தால், அறிவுநிலை பற்றிய ஆய்வு அறநூலாக மாறிவிடும்.

'எக்ஸ்பேரியான்ஸ்' என்பதும் அவ்வாறே அனுபவத்தையும் விஞ்ஞானப் பரிசோதனையையும் குறிப்பது. எமிலி சோலா 1880 இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியின் தலைப்பைச் 'சோதனை நாவல்' எனத் தமிழிற் கூறுவதுண்டு. ஆனால் நம்மிடையே 'சோதனை முயற்சி' என்பது வடிவப்புதுமையைக் குறிக்கும் தொடராகிவிட்டது. சோலா கருதியது அதுவன்று. குளோட் பேர்னார் 1865 இல் மருத்துவப் பரிசோதனைமுறை பற்றி எழுதிய நூலை அடியொற்றி, பரம்பரையியல்பும் சூழலும் மனிதரை இயக்குமாற்றை ஆய்வுகூடத்திற் காண்பதுபோல நாவலிற் காண்பதே அவர் நோக்கம். இவ்வேறுபாட்டை உணராதவிடத்து, இயற்பண்புவாதம் பற்றி ஈழத்து விமரிசனத்தில் நிகழும் உரையாடல் அதன் தோற்றுவாயையே தவறவிடும்.

மேற்கூறியவற்றால் ஆங்கிலவழி மொழிபெயர்ப்பு யாவும் தள்ளற்பாலன என்பது பெறப்படாது. தமிழர் உலக இலக்கியத்தின் பெரும்பகுதியை அவ்வழியாகவே பெற்றனர். சார்த்தரின் நூலை ஆங்கிலத்திற் படிப்போர் 'மனச்சாட்சி' என மயங்கார்; பிரெஞ்சைக் குறையறிவோடு நேரே அணுகுவோரே அங்கு மயங்குவர். வேண்டப்படுவது, எந்த மொழி எதனை மறைக்கின்றது, எதனைக் கூறுமாறு கட்டாயப்படுத்துகின்றது என்னும் தெளிவாகும். ஆங்கிலம் விளிவேறுபாட்டை மறைக்கின்றது. தமிழ் வினைமுற்று மரியாதையைக் கூறக் கட்டாயப்படுத்துகின்றது. பிரெஞ்சோ உடையவரின் பாலைக் கூறாது விடுகின்றது.

இத்தெளிவு இன்று முன்னெப்போதினும் தேவையானது. புதுச்சேரித் தொடர்பால் மூசே, துப்புய் ஆகிய பாதிரியார் 19 ஆம் நூற்றாண்டிலேயே தமிழ்-பிரெஞ்சு அகராதியை ஆக்கித் தந்தனர். 1983 இன் பின்னர் ஈழத்தமிழர் பெருந்தொகையினராகப் பிரான்சிற் குடியேறினர். அவர்தம் பிள்ளைகள் பிரெஞ்சை ஆங்கிலத்தின் துணையின்றியே அறிவர். இவர்களுடைய மொழியறிவும் நம் பல்கலைக்கழகங்களின் தமிழிலக்கண அறிவும் இணையுமாயின், பிரெஞ்சை நேரே தமிழோடு ஒப்புநோக்கும் இலக்கணம் ஒன்று உருவாதல் கூடும். 'போவார்' என்பதை முற்றா இறந்தகாலத்தோடும், 'நீர்' என்பதை 'வூ'வோடும், 'என்று' என்பதைக் கட்டற்ற மறைமுகக் கூற்றோடும் வைத்து நோக்கும் அத்தகைய இலக்கணம் மொழி கற்போர்க்கு மட்டுமன்றி விமரிசகர்க்கும் கருவியாகும். அதுவரை, பிறமொழி நூலொன்றில் இலக்கணம் இடறும் இடத்தைக் காணும் மாணவர் அதனைத் திருத்த முனையுமுன், அஃது வழுவா வழுவமைதியா எனத் தம் மரபிலக்கணம் கற்பித்த வினாவை எழுப்புவாராக.